மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

பிஸ்டனின் தலையில் படிந்திருந்த கரியை ஒரு பழைய சவர அலகால் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண் தெரிந்தது: 0.75. முதலில் அது ஏதோ கம்பெனி இலக்கம் என்று நினைத்தோம். கராஜ்கார மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, "பிள்ளையள், இது முதல் தரம் இல்லை" என்றார்.

ஹொண்டா சி90 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர். சிலிண்டர் தேய்ந்தால் அதை மெஷினில் குடைந்து கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும், பெருத்த துளைக்கு அளவான பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதைத்தான் ரீபோர் என்கிறார்கள். அதற்கென்று 0.25, 0.50, 0.75, 1.00 என நாலு படியில் பிஸ்டன் வரும். ஆக, எங்கள் முன்னால் சாக்கில் கிடந்த எஞ்சின் ஏற்கெனவே மூன்றாம் படிக்கு வந்துவிட்டது. இனி ஒரே ஒரு படிதான் மிச்சம். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. அதுவரைக்கும் இது ஒரு விடுமுறைப் பொழுதுபோக்கு.

மோட்டார் சைக்கிள் எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மப்பாவுடையது. சுன்னாகம் பக்கம் அவர்களுடைய வீட்டில், கிணற்றடிக் கொட்டிலில், தென்னோலைக்கும் பழைய வாளிகளுக்கும் பின்னால் 1996இலிருந்து நின்றது. பின்பக்க இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ. அந்த ஒற்றை எழுத்தை வாகனங்களில் கொண்டுவந்ததற்கு எதிராக 1957இல் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியதையும், தார் பூசியதையும், 1958 கலவரத்தையும் நாங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். தகட்டைத் துடைக்கும்போதுதான் அந்தப் பாடம் கையில் பட்டது. ஆனால் இந்தக் கட்டுரை தகட்டைப் பற்றியதில்லை, எஞ்சினைப் பற்றியது.

வாங்கிய கதையிலிருந்து தொடங்குவோம். 1970களின் முதற் பகுதியில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர்களுக்கு அது நல்ல காலம். 1977இல் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது, வெங்காயத்தின் விலை விழுந்தது. அதே கதவால்தான் ஜப்பான் மோட்டார் சைக்கிள்களும் தாராளமாக உள்ளே வந்தன. அம்மப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய மாமனார் தோட்டக்காரர். வெங்காயத்தில் சேர்த்த கடைசிக் காசில் 1979இல் மாமனார் மருமகனுக்கு வாங்கிக் கொடுத்ததுதான் இந்த ஹொண்டா. எந்தக் கொள்கை அவருடைய தோட்டத்தைப் படுக்க வைத்ததோ அதே கொள்கைதான் இந்த வாகனத்தையும் கொண்டுவந்து தந்தது. அவர் இதை அப்படி யோசித்திருப்பாரோ தெரியாது, நாங்கள் பொருளியல் விரிவுரைக்கு ஒழுங்காகப் போன ஆட்கள், அதால யோசிக்கிறம்.

இனி 1990. அந்த வருடம் யூன் மாதம் சண்டை திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என்று நீண்ட பட்டியலில் இருந்த பொருட்களுக்குத் தடை. 1991இல் ஆனையிறவுச் சண்டைக்குப் பிறகு தரைவழி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கிளாலிக் கடலேரியில் இரவில் வள்ளம் ஏறிப் போய்வந்தார்கள், அதிலும் செத்தார்கள். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. விளக்கு எரிக்கவும் சமைக்கவும் அது வேண்டும் என்பதால் அதை முழுதாக நிறுத்தவில்லை. இப்படித்தான் ஒரு குடாநாடு முழுக்க ஒரே ஒரு எரிபொருளில் ஐந்து வருடம் ஓடியது.

இந்தக் காலத்தைப் பற்றி முகநூலில் வருகிற பதிவுகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம், ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம், உலகத்தில் எவனும் செய்யாததைத் தமிழன் மூளை செய்தது என்று முடியும். எங்களுக்கும் சின்ன வயதில் அதைக் கேட்க நல்லாத்தான் இருந்தது. எஞ்சினைத் திறந்த பிறகு அந்தக் கதையில் இரண்டு இடம் இடறத் தொடங்கியது. ஒன்று, உலகத்தில் வேறு ஆட்களும் செய்திருக்கிறார்கள். மற்றது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது அந்தப் பதிவுகளில் வருவதே இல்லை.

முதலாவதைப் பார்ப்போம். 1917இல் ஹென்றி போர்ட் விற்கத் தொடங்கிய போர்ட்சன் உழவியந்திரம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடுகிற மாதிரியே கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் செய்த பெர்குசன் டிஈ20 உழவியந்திரத்துக்கு 1949இலிருந்து மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகிற ஒரு மாதிரியும் இருந்தது. அங்கே கமக்காரர்களுக்கு அது பெற்றோலை விட மலிவு. அதைவிடச் சுவாரசியமானது ஹொண்டாவின் சொந்தக் கதை. 1946இல் தோற்றுப்போன ஜப்பானில் சொய்ச்சிரோ ஹொண்டா, இராணுவம் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பாவித்து மிஞ்சிப்போன சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்றார். முதல் மாதிரிக்குப் பெற்றோல் தாங்கியாக இருந்தது குளிர் காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைக்கிற வெந்நீர்ப் போத்தல். பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். அப்படித் தொடங்கிய கம்பெனி 1958இல் சுப்பர் கப் என்ற சின்ன வாகனத்தை விட்டது. 2017இல் அந்த வரிசையில் 10 கோடியாவது வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. எங்கள் சி90உம் அந்தப் பரம்பரைதான். எரிபொருள் இல்லாத ஊரில் பிறந்த ஒரு வாகனம், எரிபொருள் இல்லாத இன்னொரு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது, எங்கள் ஊருக்குள்ளேயே இந்த அறிவு 1990இல் வானத்திலிருந்து விழவில்லை. கராஜ்கார மாமா வேலை பழகியது மோட்டார் சைக்கிளில் இல்லை, தோட்டத்துக்கு இறைக்கிற மிஷினில். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலாவும் பட்டையும் போய் இறைக்கிற மிஷின் வந்த நாளிலிருந்தே அதில் பெரும்பங்கு மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறினதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தோட்டக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களும் அப்படியே. 1990இல் மோட்டார் சைக்கிளுக்கு நடந்தது, தோட்டத்திலும் கடற்கரையிலும் இருந்த அறிவு றோட்டுக்கு ஏறியதுதான். படித்த உத்தியோகத்தர் வாத்தியார்மார், அதுவரை தாங்கள் பெரிதாக மதிக்காத மிஷின்காரர்களிடம் வரிசையில் நின்று கேட்டுப் பழகினார்கள். இந்தப் பக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எங்கட ஊரின் சமூக வரலாற்றில் இது சின்ன விசயமாக எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் இறைக்கிற மிஷின் மண்ணெண்ணெய்க்கென்றே கட்டின எஞ்சின். ஹொண்டா அப்படி இல்லை. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சட்டென்று ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளி துளியாகத்தான் உள்ளே போகும், பத்தாது. அதனால்தான் சின்னப் போத்தல். கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலோ சூப்பிப் போத்தலோ, அதில் கொஞ்சம் பெற்றோலைச் சட்டைப் பையில் கொண்டுதிரிந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு அடித்து உதைப்பார்கள். எஞ்சின் பிடித்து, சூடாகிற மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வெள்ளைப் புகையோடு, கண் எரிகிற மணத்தோடு, அது மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். வழியில் நின்றால் திரும்பவும் போத்தல். சந்தியில் ஆரையும் கண்டு கதைக்க வேண்டுமென்றாலும் எஞ்சினை நிப்பாட்டமாட்டார்கள்.

இன்னொன்று இடி. மண்ணெண்ணெய்–காற்றுக் கலவையை அமத்தினால், பெற்றோலைப் போல ஒழுங்காக எரியாமல் ஒரேயடியாக வெடிக்கும். சி90இன் அமுக்க விகிதம் 8ஐச் சொட்டுத் தாண்டும். மண்ணெண்ணெய்ப் பெர்குசனில் அது சுமார் 5தான். அந்த இடைவெளியை எஞ்சின் தன்னுடைய உடம்பால் தாங்க வேண்டும். பிஸ்டனின் மேல் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

இதற்கு மாற்று என்ன செய்தார்கள் என்பதை நாங்கள் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை, எஞ்சினின் தலையைக் கழற்றியபோது கண்டோம். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு கஸ்கற்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கையால் வெட்டி அரத்தால் ராவின ஒரு அலுமினியத் தகடு. ஓரங்களில் அரத்தின் கோடு இன்னும் இருந்தது. நட்டுப் போகிற நாலு துளையும் கொஞ்சம் கோணல்தான், ஆனால் நடுத்துளை வட்டம் அவ்வளவு சுத்தம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் ஹெட்டுக்குள் சுமார் 2 கனசென்ரிமீற்றர் இடம் கூடும். 8க்கு மேலே இருந்த விகிதம் 7க்குச் சற்று மேலே இறங்கிவிடும். யாரோ ஒருவர் 1990களின் தொடக்கத்தில், மின்சாரமில்லாத ஒரு கராஜில், இந்தக் கணக்கைப் போடாமல் கையாலேயே செய்திருக்கிறார். மாமா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய கைவேலை இல்லை என்றார். யாருடையது என்று கேட்டோம். ஒரு பெயர் சொன்னார், அவர் 1990களிலேயே கனடா போய்விட்டாராம்.

இவ்வளவு செய்தும் எஞ்சின் தப்பவில்லை. காரணம் ஓயில். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஓயிலோடு கலக்கும். சி90க்குள் நிற்கிற ஓயில் ஒரு லீற்றருக்கும் குறைவு. அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்ந்தாலே தண்ணிப் பருவமாகிவிடும். புது ஓயிலுக்கு எங்கே போவது? பழசையே வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். கரி பிஸ்டன் வளையங்களை அவற்றின் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிப் பிடித்துவிடும். வளையம் அசையாவிட்டால் இன்னும் அதிக மண்ணெண்ணெய் கீழே போகும். ஒன்று மற்றதைக் கூட்டும். 1979இலிருந்து 1990 வரை பதினொரு வருடம் கம்பெனி பிஸ்டனோடேயே ஓடின வாகனம், பிறகு வந்த ஐந்து வருடத்தில் 0.25, 0.50, 0.75 என்று மூன்று படி ஏறியதற்குக் காரணம் இவ்வளவும்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஸ்டன் எப்படியோ குடாநாட்டுக்குள் வந்திருக்கிறது. சவர்க்காரமே பதுக்கி விற்ற காலத்தில் பிஸ்டன் எந்த மூட்டைக்குள் இருந்து வந்ததென்று அம்மப்பாவிடம் கேட்டோம். சிரித்தார், அவ்வளவுதான்.

இனி அம்மம்மா.

நாங்கள் மூன்று நாளாக அம்மப்பாவிடம்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம், ஒலிப்பதிவும் செய்தோம். அம்மம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நாலாம் நாள் கோப்பைகளை எடுக்க வந்தவர் நின்று சொன்னார்: "இந்த மோட்டச் சைக்கிள் குடிச்ச எண்ணெயில ரெண்டு பிள்ளையளின்ர கண் போச்சு." போகவில்லை, கண்ணாடி போட்டார்கள், அதைத்தான் அப்படிச் சொன்னார். அட்டைக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெய் அளவானது. அதில் வாத்தியார் பருத்தித்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரவும் வேண்டும். மிச்சத்தில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, கம்பியில் ஒரு திரி, அடியில் கொஞ்ச எண்ணெய், அதுதான் அந்தக் காலத்துச் சிக்கன விளக்கு. அதன் வெளிச்சத்தில் இரண்டு பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் தோழியின் அம்மா. அடுப்புக்கு எண்ணெய் இல்லாமல் அம்மம்மா காய்ந்த பன்னாங்கும் ஊமலும் பொறுக்கி எரித்தார். மழை நாளில் புகை.

அம்மப்பா மறுத்துப் பேசவில்லை. பிறகு மெதுவாக, சைக்கிளில் போயிருக்கலாம்தான் என்றார். எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். மோட்டார் சைக்கிள் வைத்து ஓடியவர்கள் ஊரில் கொஞ்சப் பேர். தனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் எழுத வந்த வரலாற்றில் அதுவரை எஞ்சின் இருந்தது, கராஜ் இருந்தது, தடை இருந்தது, குசினி இருக்கவில்லை. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எஞ்சினுக்குப் போனால் எங்கே குறையும் என்ற கணக்கு அம்மம்மாவிடம்தான் இருந்தது. முப்பது வருடமாக ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

எஞ்சின் எப்போது நின்றது என்பது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த அந்த இரவு. சில மணி நேரத்துக்குள் இலட்சக்கணக்கான சனம் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே றோட்டில். மழை. மோட்டார் சைக்கிளில் அம்மம்மாவும் சின்னப் பிள்ளையும், பின்னால் இரண்டு பை, முன்னால் அரிசி. மூத்தவள் சைக்கிளில் மாமாவோடு. சனத்துக்குள் அடி அடியாகத்தான் நகர முடிந்தது.

அந்த எஞ்சினுக்கு விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஓடுகிறபோது முகத்தில் அடிக்கிற காற்றுத்தான் அதைக் குளிரவைக்கும். சனத்துக்குள் ஊர்ந்தால் காற்று ஏது. நிப்பாட்டவும் பயம், போத்தலில் பெற்றோல் முடிந்துவிட்டது, நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தலைமயிரை விட மெல்லியது. ஓயில் தண்ணியாகக் கிடந்தது. பாலத்துக்குக் கிட்ட ஒரு கீச்சுச் சத்தம், பின்சில்லு ஒருதரம் இறுகியது, அவ்வளவுதான். நியூற்றலில் போட்டுத் தள்ளிக்கொண்டே தென்மராட்சிக்குப் போனார்கள். விட்டிட்டு வாங்கோ எண்டு சொன்னனான், இவர் கேக்கேல்லை என்று அம்மம்மா சொன்னார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோதும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். கொட்டிலில் விட்டது அப்போது. 2002இல் ஏ9 பாதை திறந்து, புது மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த பிறகு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களுக்கு அது ஞாபகத்துக்கு வந்தது 2022ஆல்தான். கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று வந்த நாட்களில், வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் 90களைப் பற்றித்தான் கதைத்தார்கள். நாங்கள் அப்போது உயர்தரம். அந்த வருடம் ஓகஸ்ட்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. கடற்றொழிலாளர் வள்ளங்கள் கரையில் நின்றன. அம்மப்பா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கொட்டில் பக்கம் போய் நின்றதை எங்கள் தோழி கண்டிருக்கிறாள்.

திருத்த வேலை ஐந்து கிழமை பிடித்தது. முதல் பதினொரு நாள் பிஸ்டன் அசையவே இல்லை. பிளக் துளையால் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டுவோம். பன்னிரண்டாம் நாள் ஒரு நூல் அளவு இறங்கியது. அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். சிலிண்டரைக் கழற்றினால் சுவரில் நீளமாக மூன்று கீறல், ஒவ்வொன்றிலும் அலுமினியம் உருகி ஒட்டியிருந்தது. மற்ற இடங்களில் முப்பது வருடத் துரு. கொன்ரொட் பெரிய பக்கத்து பெயரிங் போய்விட்டது. இந்த எஞ்சினில் கிராங்கை அழுத்திப் பிரித்துத்தான் அதை மாற்றலாம், அதற்குப் பிரெஸ் உள்ள லேத் கடைக்குக் கொண்டுபோனோம். கேம் ஓடுகிற இடமும் தேய்ந்து கிடந்ததால் பழைய ஹெட் ஒன்று தேட வேண்டியிருந்தது. பொயின்ற், கொண்டென்சர், கொயில் எல்லாம் புதிது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் முழுக்க அலைந்தோம். ஒரு கடைக்காரர் மூன்று பழைய ஹெட்டைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, எதற்கு இந்தப் பிணத்துக்குச் செலவழிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டாலும் விலையில் கொஞ்சம் குறைத்தார். மகாபொலக் காசு இரண்டு மாதத்தது அதில் போனது, வீட்டில் இதை வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

பெரிய வாக்குவாதம் ரீபோருக்கு முதல் நாள் நடந்தது. எங்களில் ஒருவன் வரலாறு சிறப்பு. அவன் சிலிண்டரைக் குடையக் கூடாது என்று நின்றான். அந்த மூன்று கீறலும் 1995 ஒக்ரோபர் 30க்கு ஒரு ஆவணம். மெஷினில் போட்டால் பொடியாகிக் குப்பைக்குப் போய்விடும். எங்கட ஆட்களிடம் அந்த இரவுக்குச் சாட்சியாகக் கையில் தொடக்கூடிய பொருள் எத்தனை இருக்கு, இதை அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைப்போம் என்றான். மற்றவர்களுக்கு அது ஓடவேண்டும். அம்மப்பாவுக்கு 82 வயது. இன்னொரு சிலிண்டர் வாங்கிப் போடலாமே என்று நடுவில் ஒருத்தி சொன்னாள். அதற்கு அம்மப்பாவே, வேற சிலிண்டர் போட்டா அது வேற வண்டி என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் இப்போதும் நல்ல பதில் இல்லை. ஆவணத்தைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் நாங்கள் அந்த இரவில் இல்லை. அந்த இரவில் இருந்தவருக்குக் கீறல் வேண்டாம், எஞ்சின் வேண்டும். வாகனம் அவருடையது. கடைசியில் கீறலை எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்தோம், கரித்தாளை உள்ளே வைத்து அழுத்திக் கடதாசியில் அச்சு எடுத்துப் பார்த்தோம், அது சரியாக வரவில்லை. பிறகு சிலிண்டரைக் கொடுத்தோம். குடைகிறபோது நாங்கள் எல்லாரும் பக்கத்தில் நின்றோம். அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. விழுந்த இரும்புத் தூளை வரலாறு சிறப்பு ஒரு பொலித்தீன் பையில் அள்ளிக்கொண்டான். லேத் கடைப் பொடியன்கள் சிரித்தார்கள். இப்போது அதில் நாலாவது பிஸ்டன் இருக்கிறது: 1.00. இதற்குப் பிறகு தேய்ந்தால் உள்ளே இரும்பு லைனர் இறக்கித்தான் காப்பாற்றலாம். அலுமினியத் தகட்டைத் திரும்பப் போடவில்லை. அதுவும் பழைய பிஸ்டனும் எங்களிடம் இருக்கின்றன. அம்மம்மா கொடுத்த ஒரு ஜாம் போத்தலுக்குள் பிஸ்டன் போகவில்லை, தகட்டை மட்டும் சுருட்டாமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறோம்.

வாகனத்தின் பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதால றோட்டுக்கு ஏற்ற ஏலாது, வளவுக்குள்ளும் ஒழுங்கையிலும்தான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு போத்தல் பெற்றோல் விட்டு உதைத்தோம். இருபது முப்பது உதை. மாமா பொயின்ற் இடைவெளியை ஒருதரம் சரிபார்த்தார். பிறகு பிடித்தது. முதலில் இருமியது, பழைய ஓயில் எரிந்து கொஞ்சம் நீலப் புகை, பிறகு நின்று நிதானமாக ஓடியது. அம்மம்மா குசினி வாசலுக்கு வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார். மண்ணெண்ணெய் மணம் வராததைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

அம்மப்பா விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் போன பிறகு கையைக் காட்டி நிப்பாட்டச் சொன்னார்.

"பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, என்ன நிறம்?"

கழற்றிப் பார்த்தோம். பால்தேத்தண்ணி நிறம் என்றோம். கொண்டுவரச் சொல்லி, சூடு ஆறும் மட்டும் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்து, தானும் ஒருமுறை பார்த்தார்.